நஸ்ருதீன் கட்டிய மதில்

பொழுதுபடுகிற நேரத்தில் பாண் பெட்டியைத் திறந்து பார்ப்பது நஸ்ருதீனுக்கு இப்போது ஒரு தண்டனையாகிவிட்டது. முன்பெல்லாம் அந்த நேரத்துக்குப் பெட்டியின் அடியில் துகள்தான் கிடக்கும். பிந்தி வந்தவர்கள், "ஒரு றாத்தல்கூட மிச்சமில்லையோ நானா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்புவார்கள். இப்போதோ காலையில் பேக்கரி வான்காரன் இறக்கிவிட்டுப் போன பாண் அப்படியே இருந்து கல்லாகிறது. அவருடைய கடையால் ஆதாயமடைகிறவை ஒழுங்கையில் திரியும் ஆடுகள் மட்டும்தான்.

ஊர்ச்சனம் முழுவதும் சொல்லிவைத்தாற்போல் பாண் தின்பதை நிறுத்திவிடாது. எங்கேயோ வாங்குகிறார்கள். இங்கே வாங்கவில்லை. ஏன் என்று யாரும் வந்து சொல்லவில்லை. ஆனால் நஸ்ருதீனுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்லூரிலிருந்து உரும்பிராய்ப் பக்கம் போகிற வழியில், சில வருசங்களுக்கு முன்வரை வெங்காயமும் வாழையும் நின்ற செம்மண் தோட்டங்கள் அவை. சண்டை முடிந்து, நகரத்துக்குள் காணி வாங்க வசதியில்லாதவர்கள் வெளியே பார்க்கத் தொடங்கியதும், தோட்டக்காரர் ஒவ்வொருவராக விற்றார்கள். ஒரு தோட்டத்தை வாங்கியவர் நடுவே ஒரு ஒழுங்கையை விட்டு, இரண்டு பக்கமும் துண்டு துண்டாகப் பிரித்து விற்பார். பக்கத்துத் தோட்டத்தை வாங்கியவரும் அப்படியே செய்வார். ஒருவர் விட்ட ஒழுங்கை மற்றவர் விட்ட ஒழுங்கையோடு சேர வேண்டுமென்று யாருக்கு என்ன கவலை? ஒவ்வொன்றும் பெரிய ரோட்டிலிருந்து புறப்பட்டு, நேரே உள்ளே போய், யாரோ ஒருவருடைய வேலியில் முட்டிக்கொண்டு நிற்கும். பின்வீட்டில் கறி தாளிக்கிற மணம் மூக்கில் ஏறும். ஆனால் அந்த வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் ரோட்டுக்கு ஏறி, அரை ஊரைச் சுற்றி இறங்க வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் சீப்பின் பற்கள் மாதிரி வடிவாகத்தான் இருக்கும். நடந்து பார்த்தவனுக்குத்தான் அதன் சீத்துவம் தெரியும்.

அப்படியான ஓர் ஒழுங்கையில்தான் நஸ்ருதீன் முன்னால் கடையும் பின்னால் வீடுமாக இருந்தார். பிறந்தது யாழ்ப்பாண நகரத்துச் சோனகத் தெருவில். தொண்ணூறாம் ஆண்டு, பன்னிரண்டு வயதுப் பொடியனாக, மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு சேர்த்து உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டவர். புத்தளத்தில் வளர்ந்து, தன்னைப் போலவே துரத்தப்பட்ட குடும்பமொன்றில் ஜலீலாவைக் கல்யாணம் முடித்து, சண்டை ஓய்ந்த பிறகு மனைவியோடும் மகள் ஜிஹானாவோடும் திரும்பி வந்தார். வாப்பாவின் இடிந்த வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள். அந்தத் தெருவில் வேறு காணியின் விலையை அண்ட முடியாது. அதனால்தான் இங்கே. சுற்றிவரச் சைவக்காரர், இடையில் ஒன்றிரண்டு கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். முஸ்லிம் வீடு இது ஒன்றுதான்.

மனிதருக்கு ஒரு ஆசை இருந்தது. வீடோ வாகனமோ அல்ல, மதில். புத்தளத்து முகாமில் கிடுகுத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கத்தில் நித்திரை குழம்பும். மூத்தவள் ராத்தா குளிக்கிறபோது உம்மா சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பா. யாருடைய கண்ணும் எட்டாத, யாரும் எட்டிப்பார்க்க முடியாத கல்மதில் ஒன்றைத் தன் காலத்தில் கட்டிவிட வேண்டுமென்று அன்றைக்கே அந்தப் பொடியன் தீர்மானித்துவிட்டான். சோனகத் தெருவில் வீடுகள் மதிலோடு மதில் ஒட்டித்தானே நின்றன. மதில் இருந்தால்தான் அது ஊர் என்பது அவருடைய எண்ணம்.

கடைக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் ஒரு வெறும் வளவு கிடந்தது. பற்றை, நாயுருவி, சுற்றிவரக் கிளுவை வேலி. அது விலைக்கு வந்தபோது கடனை உடனை வாங்கி நஸ்ருதீன் அதை எடுத்துவிட்டார். ஜிஹானா கல்யாணமாகிப் புத்தளத்தில் இருந்தாள், வயிற்றில் முதல் பிள்ளை. மகளின் பிரசவத்துக்கு ஜலீலா அங்கே போன நேரம் பார்த்து மதில் வேலையைத் தொடங்கினார். திரும்பி வந்து பார்க்கிறபோது அவளுக்கு வாயடைக்க வேண்டும், அதனால் போனில்கூட மூச்சுவிடவில்லை.

அத்திவாரம் வெட்டுவதற்கு முன் வளவைச் சுற்றிப் பார்த்தபோதுதான் அந்த ஓட்டையைக் கண்டார். பின்மூலையில், இரண்டு கிளுவைக்கு நடுவில், ஒரு ஆள் குனிந்து வரக்கூடிய அளவு வேலிப் பொட்டு. அதன் வாயில் ஒரு புல் இல்லை. மண் தேய்ந்து மினுங்கியது. அங்கிருந்து பற்றைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை கடைப்பக்கம் வளைந்து வந்தது. யாரோ வந்து போகிறார்கள். ஒருநாள் இருநாளாக இல்லை, காலங்காலமாக. வந்து எதைப் பார்க்கிறார்கள்?

மேசன் செபநாயகம் நூல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானா, உந்தப் பின்மூலையிலை ஒரு சின்னப் பொட்டு விடுவமோ?"

"என்னத்துக்கு?"

"சும்மா. ஆக்கள் வந்து போக."

"ஆர் வந்து போக? கள்ளனோ? முதலிலை அந்த மூலையைத்தான் அடையுங்கோ. ரெண்டு கல்லு கூட வைச்சாலும் பரவாயில்லை."

செபநாயகம் நூலைப் பார்த்தார், நஸ்ருதீனைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். மதில் ஆள் உயரத்துக்கு மேலே எழும்பியது. உச்சியில் சீமெந்துக்குள் போத்தல் துண்டுகள் பதித்தார்கள். வெயில் பட்டால் பச்சையும் வெள்ளையுமாக மினுங்கும். நஸ்ருதீன் கடைப் பூட்டைப் போட்டபிறகும் அங்கே நின்று அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார். சின்னப் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தால்கூட இவ்வளவு தடவாது.

பாண் மிஞ்சத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஆனால் அந்த நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. பெரிய ரோட்டில் சீவரத்தினம் கண்ணாடிக் கதவு போட்ட பலசரக்குக் கடை திறந்தார். கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், பின்னால் இரண்டாவது ஒழுங்கையில் வீடு. நஸ்ருதீனுக்கு மதிலையும் பாணையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. சீவரத்தினத்தையும் பாணையும்தான் சேர்த்தார். சேர்த்தபின் எல்லாமே அதற்குள் அழகாகப் போய் உட்கார்ந்தன.

ஒருநாள் பின்னேரம் சீவரத்தினம் சைக்கிளில் வந்து மதிலடியில் காலூன்றி நின்றார். விரலை மடக்கிக் கல்லில் தட்டிப் பார்த்தார்.

"மதில் பலமாத்தான் இருக்கு, நானா. உள்ளுக்கை என்ன வரப்போகுது?"

"ஒண்டுமில்லை அண்ணை. சும்மா வளவு."

"சும்மா வளவுக்கோ இவ்வளவு உயரம்?"

சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு நஸ்ருதீனுக்குப் பிடிக்கவில்லை. ஆள் அளவெடுத்துக்கொண்டு போகிறார் என்று பட்டது. அடுத்த கிழமையே காணித் தரகன் கோபிசங்கர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு சோடா கேட்டான். பாதிப் போத்தலில், "என்ன நானா, வியாபாரம் மந்தம் போலை. காணியைக் குடுக்கிற எண்ணமிருந்தால் சொல்லுங்கோ. கனடாக்காரர் ஒருத்தர் நிக்கிறார்" என்றான். வியாபாரம் மந்தம் என்று இவனுக்கு யார் சொன்னது? இரண்டு நாள் கழித்து, சீவரத்தினத்தின் கடை வாசலில் அவரும் கோபிசங்கரும் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். நஸ்ருதீன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். இனி என்ன கேள்வி? சனத்தை மறிப்பது ஒருவர், காணியைக் கேட்பது மற்றவர். தொண்ணூறில் துவக்கோடு வந்தார்கள். இப்போது சோடா குடித்துக்கொண்டு கேட்கிறார்கள்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பார். கீர்த்திகாவைத் தாங்க முடியவில்லை.

கீர்த்திகா பின்பக்கத்து ஒழுங்கையில் இருப்பவள், புருசன் கட்டாரில், இரண்டு பிள்ளைகள். காலையில் பாணுக்கு, மத்தியானம் தேங்காய்க்கு, பொழுதுபட மாவுக்கு என்று நாளுக்கு மூன்று தரம் வந்துபோவாள். ஈஸ்டர் குண்டுகள் வெடித்த வருசம், ஊருக்கு ஊர் பார்வை மாறி, கடைக்கு ஒரு குருவியும் வராமலிருந்த நாட்களில், முதலில் வந்து நின்றவள் அவள்தான். நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "நானா, உங்கடை தூளுக்குத்தான் எங்கடை வீட்டிலை கறி வாய்க்குது" என்று சத்தமாகக் கதைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். அந்தக் கீர்த்திகாவை அவர் ஒருநாள் சீவரத்தினத்தின் கடையடியில் கண்டார். ஸ்கூட்டியில் பை, பைக்குள் பாண். அவரைக் கண்டதும் ஹெல்மெட் கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று இரவு ஜலீலாவுக்குப் போன் எடுத்தார்.

"இனி இஞ்சை சரிவராது, ஜலீலா. காணியைக் குடுத்திட்டு நான் அங்கை வந்திடுறன். நீ வரவேண்டாம்."

மறுபக்கத்தில் குழந்தை அழுதது. அதை ஓயவைத்துவிட்டுத்தான் அவள் கேட்டாள்.

"ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"சொல்லேல்லை. சொல்லாமல் செய்யினம்."

"கீர்த்திகா வாறவவோ?"

"அவவும் இல்லை."

"அவவுமோ?" என்று கேட்டாள் ஜலீலா. பிறகு குரல் இறங்கிப்போனது. "ஒருக்கா மூட்டை கட்டிக்கொண்டு போனன். ஒருக்கா மூட்டை கட்டிக்கொண்டு வந்தன். இன்னொருக்கா என்னாலை ஏலாது. நீங்கள் விக்கிறதெண்டால் வியுங்கோ. ஆனால் என்ரை காதுக்கு ஒரு காரணம் வேணும். ஆர், ஏன் எண்டு கேட்டு வந்து சொல்லுங்கோ."

நஸ்ருதீனிடம் காரணம் இருந்தது. கேட்டு அறிந்த காரணம் இல்லை. கோபிசங்கர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தபின் கனடாக்காரரின் தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தான். அன்று பேச்சு முடிந்தால் முடிந்ததுதான். வாக்குக் கொடுத்துவிட்டு மாறுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

வியாழக்கிழமை காலை அலுமாரியைத் துழாவியபோது ஒரு எவர்சில்வர் தட்டம் கையில் பட்டது. தைப்பொங்கலுக்குக் கீர்த்திகா பொங்கல் கொண்டுவந்த தட்டம். ஜலீலா கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தாள். இத்தனை மாதமும் கீர்த்திகா அதைத் தேடி வரவில்லை. பாத்திரம் வேண்டாமென்று விடுகிற அளவுக்கு வெறுப்போ? தட்டத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்பது இந்த நிலையிலும் அவருக்கு மறக்கவில்லை. பேரீச்சம்பழம் நிரப்பிப் பையில் வைத்துக்கொண்டார். கொடுக்கிறபோது முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் பொய் சொல்லாது. ஆள் இருப்பதாகக் கள்ளன் நினைக்கட்டும் என்று கடையில் ரேடியோவைச் சத்தமாக வைத்து, கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, சைக்கிளை எடுத்தார்.

இத்தனை வருசத்தில் அவர் அவளுடைய வீட்டுக்குப் போனதில்லை. பின்பக்கத்து ஒழுங்கை என்று மட்டும் தெரியும். பெரிய ரோட்டுக்கு ஏறி, சீவரத்தினத்தின் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டி, வைரவர் கோயிலடியில் திரும்பி, ஒரு ஒழுங்கைக்குள் இறங்கினார். அது நீண்டுகொண்டே போய் ஒரு இரும்புக் கேற்றில் முடிந்தது. உள்ளேயிருந்து நாயொன்று பாய்ந்து குரைத்தது. திரும்பி ரோட்டுக்கு வந்து அடுத்ததற்குள் இறங்கினார். அதுவும் இல்லை. பனங்காய் பொறுக்கிய ஒரு மனிசன், "கீர்த்திகா வீடோ? அது மற்ற ஒழுங்கையெல்லே, இதாலை போக ஏலாது" என்று கையைக் காட்டினார். கை காட்டிய திசையில் வீட்டின் ஓடு தெரிந்தது. போக வழி தெரியவில்லை. வெயில் ஏறிவிட்டது. ஒரு பொங்கல் தட்டத்தைத் திருப்பிக் கொடுக்க இவ்வளவு பாடா என்று அவருக்கு எரிச்சல் வந்தது.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. படலையைத் தட்டினார். கீர்த்திகா புட்டுக்கு மாக்குழைத்த கையோடு, ஹவுஸ்கோட்டோடு எட்டிப் பார்த்தாள். அவரைக் கண்டதும் முகம் இறுகியது. அவர் பார்க்க வந்த முகம் அதுதான். சந்தேகம் சரிதான் என்று நினைத்தார். அந்த நினைப்பில் ஒரு சந்தோசமும் இல்லை.

"வராத ஆள் வந்திருக்கிறியள்" என்றாள்.

"தட்டம். உங்கடை தட்டம் கிடந்தது."

அவள் வாங்கவில்லை. மா அப்பிய கையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, அவர் கேட்க வந்த கேள்வியை அவளே கேட்டாள்.

"நாங்கள் உங்களுக்கு என்ன பிழை விட்டனாங்கள், நானா?"

"நீங்களோ?"

"பின்னை ஆர்? இத்தினை வருசமும் ஒரு வீடு மாதிரித் திரிஞ்சனாங்கள். ஒருநாள் விடியப் பாணுக்கு வாறன், அத்திவாரம் வெட்டிக் கிடக்கு. ஒரு வார்த்தை சொல்லேல்லை. சரி, மதில் கட்டினால் கட்டுங்கோ, உங்கடை காணி. உச்சியிலை என்னத்துக்குப் போத்தல் ஓடு? எங்களைக் கள்ளர் எண்டு நினைச்சுத்தானே?"

நஸ்ருதீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் அவருடைய காதில் ஏறியது. மரண அறிவித்தல். யாரோ ஒருவர் காலமானார், இறுதிக் கிரியைகள் நாளை நடைபெறும். குரல் வெகு கிட்ட, அடுத்த அறையிலிருந்து வருகிற மாதிரி. அவர் கடையில் விட்டுவிட்டு வந்த அவருடைய ரேடியோ.

சத்தம் வந்த பக்கம் நடந்தார். குசினியைத் தாண்டி, வாழைப்பாத்தியைத் தாண்டி, வளவின் மூலையில் அது நின்றது. பூச்சுப் பூசாத சாம்பல் கல், உச்சியில் பச்சையும் வெள்ளையுமாக ஓடுகள். அவருடைய மதில். இந்தப் பக்கத்திலிருந்து அவர் அதைப் பார்ப்பது இதுதான் முதல்தரம். சிறைச்சாலை மாதிரி இருந்தது. குசினி வாசலிலிருந்து புல்லில்லாமல் தேய்ந்து மினுங்கிய ஒற்றையடிப் பாதை நேரே வந்து மதிலில் முட்டி நின்றது.

"இஞ்சைதானே பொட்டுக் கிடந்தது" என்றாள் கீர்த்திகா, பின்னால் வந்து. "கிளுவைக்குள்ளாலை. இதாலைதானே நாங்கள் எல்லாரும் வாறது. நான், பக்கத்து ஜெசிதா, அங்காலை தவமக்கா, எல்லாரும். ஒரு வளவுக்குள்ளாலை மற்ற வளவுக்குப் போய், உங்கடை கடையடியிலை ஏறுவம். உங்களுக்குத் தெரியாதோ?"

அவருக்குத் தெரியாது. கல்லாவில் இருந்து பார்த்தால் அவர்கள் இடது பக்கமாக வருவார்கள். பெரிய ரோடும் இடது பக்கம்தான். ரோட்டால் வருகிறார்கள் என்றே நினைத்திருந்தார். வேலிக்கு வேலி பொட்டு வைத்து, ரோடு தராத வழியைத் தாங்களே போட்டுக்கொண்டு, பெண்கள் ஒரு ஊரையே தைத்து வைத்திருப்பார்கள் என்று மதிலோடு மதில் ஒட்டிய தெருவில் பிறந்தவருக்கு யார் சொல்லுவார்? சொல்ல வந்த ஒரே மனிதரான செபநாயகத்தையும் அவர்தான் வாயடைத்தார்.

"ரோட்டாலை வந்திருக்கலாமே, தங்கச்சி" என்றார். தனக்கே கேட்காத குரலில்.

"எப்பிடி வாறது? இந்தக் கோலத்தோடையோ?" அவள் ஹவுஸ்கோட்டையும் மாக்கையையும் காட்டினாள். "பின்னாலை எண்டால் அடுப்பிலை உலை கொதிக்கக் கொதிக்க ஓடியந்து உப்பு வாங்கிக்கொண்டு ஓடலாம். ரோட்டாலை எண்டால் உடுப்பு மாத்தோணும், தலை இழுக்கோணும், படலை பூட்டோணும், ஸ்கூட்டியை எடுக்கோணும். எடுத்தால் பிறகு, ரோட்டிலை நிக்கிற கடையிலை வாங்கிக்கொண்டு வாறதுதானே. அண்டைக்கு உங்களைக் கண்டிட்டு எனக்கு வெக்கமாப் போச்சு. கோவமும்தான்."

"சீவரத்தினத்தார் ஏதோ கதை பரப்பினவர் எண்டு..."

"அவரோ?" கீர்த்திகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவற்றை மனிசிதானே தவமக்கா. அவர் கடை திறந்தாப் பிறகும் உங்களிட்டைத்தான் வரவேணும் எண்டு நிண்டவ. புருசன்ரை கடையிலை கறிவேப்பிலையைக்கூட நிறுத்துத்தான் குடுக்கிறாராம். அவர் உங்களைப் பாத்துத்தான் பயந்துபோய் நிக்கிறார். நீங்கள் மதிலுக்குள்ளை பெரிய குடோன் போடப்போறியள், தன்ரை கடை படுத்திடும் எண்டு. கோபிசங்கர்தான் சொன்னவனாம்."

நஸ்ருதீன் வாழைப்பாத்தி வரம்பில் குந்திவிட்டார். இத்தனை மாதமும் நெஞ்சுக்குள் அவர் கட்டிய கட்டடம் கல் கல்லாகக் கழன்று விழுந்தது. வெட்கம்தான் பெரிதாக வந்தது. யாரும் அவரைத் துரத்தவில்லை. தன்னைச் சுற்றி அடைத்துவிட்டு, ஒருவரும் வரவில்லையே என்று ஆட்டுக்குப் பாண் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

"இனிப் பேசி என்ன" என்றாள் கீர்த்திகா. "உங்களைப் பாத்துச் சீவரத்தினத்தாரும் தொடங்கிட்டார். எனக்கும் தனக்கும் நடுவிலை அத்திவாரம் வெட்டிக் கிடக்கு. இண்டைக்குக் கல்லு வைக்கினம். பிறகு தவமக்காவும் வர ஏலாது. எங்கடை இவரும் கட்டாரிலை இருந்து சொல்லுறார், எல்லாரும் கட்டினால் நாங்களும் கட்டுவம் எண்டு."

அவர் எழும்பினார். தட்டத்தை அவளுடைய மாக்கையில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். வந்த வழியெல்லாம் சுற்றித் திரும்பி, கடையைத் திறக்காமல், பின்னால் கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வளவின் மூலைக்குப் போனார்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் அங்கே கனநேரம் நின்றார். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டுக் கட்டியது அது ஒன்றுதான். கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், வெயிலில் சுட்டது. உம்மா இருந்திருந்தால் இந்த மதிலைப் பார்த்து அழுதிருப்பா என்று நினைத்தார். உடனே, உம்மா இருந்திருந்தால் கடை ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்று முதல் நாளே கேட்டிருப்பா என்றும் நினைத்தார். பிறகு அலவாங்கை ஓங்கிக் குத்தினார்.

செபநாயகம் கெட்டியாகத்தான் கட்டியிருந்தார். அதுவும் இந்த மூலை நஸ்ருதீனே சொல்லிக் கட்டுவித்தது. கைத்தோல் உரிந்தது. சத்தத்துக்குள் போன் அடித்தது, கோபிசங்கர்.

"நானா, நாளைக்கு ஆள் வாறது சரிதானே? கொஞ்சம் வெள்ளெனவே வருவமோ?"

"வரவேண்டாம். நான் விக்கேல்லை."

"என்ன நானா, உப்பிடிச் சொல்லுறியள்? என்ன சத்தம் அது?"

"மதில் இடிக்கிறன்."

போனை வைத்துவிட்டார். முதல் கல் அசைந்தபோது மறுபக்கத்திலிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள். மா காய்ந்த விரல்கள் தெரிந்தன. அடுத்தடுத்து இரண்டு பேருமாகக் கழற்றினார்கள். ஆள் குனிந்து போகக்கூடிய அளவு வந்ததும் நஸ்ருதீன் அலவாங்கும் கையுமாக அதற்குள் புகுந்தார். சாரத்தில் சீமெந்துத் தூள், தலையில் தூள். கீர்த்திகா, "எங்கை நானா?" என்று கேட்டுக்கொண்டு பின்னால் வந்தாள். அவர் நிற்கவில்லை. வாழைப்பாத்தியைக் கடந்து, வளவின் மறுபக்கத்து வேலிக்குப் போய், அங்கே மிச்சமிருந்த பொட்டுக்குள்ளால் தலையை விட்டு எழும்பினார்.

சீவரத்தினம் அத்திவாரத்துக்கு வெட்டின கானுக்குப் பக்கத்தில் நின்று செபநாயகத்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். வேலிக்குள்ளிருந்து சாம்பல் பூசிய ஒரு உருவம் இரும்போடு எழும்புவதைக் கண்டதும் மனிதர் ஓரெட்டில் மணல் கும்பிக்குப் பின்னால் போய்விட்டார்.

"நானா... நானா, என்ன இது? என்ன பிரச்சினை எண்டாலும் இருந்து கதைப்பம்."

நஸ்ருதீனுக்கு மூச்சு வாங்கியது. கையில் இருப்பது அலவாங்கு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதைக் கீழே போட்டார். இத்தனை மாதமாக அவர் மனதுக்குள் எத்தனையோ தரம் கேட்டு வைத்த கேள்விகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

சத்தம் கேட்டுக் குசினிக்குள்ளிருந்து ஒரு மனிசி ஹவுஸ்கோட்டோடு ஓடி வந்தா. கையில் தேங்காய்ப்பூ. நஸ்ருதீனையும், அவருக்குப் பின்னால் வேலிக்குள்ளிருந்து தலை நீட்டுகிற கீர்த்திகாவையும், அதற்கப்பால் மதிலில் தெரிந்த ஓட்டையையும் பார்த்தா. முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று.

"நானா! திறந்தாச்சோ? பாண் இருக்கோ?"

சீவரத்தினம் மணலுக்குப் பின்னாலிருந்து தன் மனைவியைப் பார்த்தார். கடையில் பாண் விற்கிற மனிதரின் மனைவி. செபநாயகம் சாந்தகப்பையை வாளிக்குள் போட்டுவிட்டு, சிரிப்பை மறைக்க வேறு பக்கம் பார்த்தார்.

"இருக்கு தவமக்கா" என்றார் நஸ்ருதீன். "நிறையக் கிடக்கு."

கொஞ்சநேரம் கழித்துச் சீவரத்தினம் மணலைத் தட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார். கானைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். பெரிய முடிவெடுக்கிற ஆள் மாதிரித் தொண்டையைச் செருமினார்.

"பொட்டுக்கு எவ்வளவு அகலம் விட்டால் காணும்?"

"மாக்கையோடை ஒரு ஆள் வாற அளவு விட்டால் காணும், அண்ணை" என்றார் நஸ்ருதீன்.